அரை இஞ்ச்

கட்டில் கடைக்காரர் என் பலகையை விரல் மூட்டால் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை தட்டினார். தூக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். மாடு வாங்க வந்தவன்கூட இத்தனை சோதனை போடமாட்டான்.

"நல்லாத்தாம்மா இருக்கு. எங்க செஞ்சது?"

"இங்கதாங்க. மலை ரோட்டுல, நம்ம பலகை பிரஸ்ல."

அவ்வளவுதான். பலகையைச் சூடுபட்டவர் மாதிரி கீழே வைத்துவிட்டார்.

"ஊர்ப் பலகையா? வேண்டாம்மா."

ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நான் எப்போதும் ஒரு வாளி வைத்திருப்பேன். வாளியில் தண்ணீர், தண்ணீருக்குள் என் பலகையின் ஒரு துண்டு. முந்தின நாளே போட்டுவிடுவேன். அதை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். ஊறியும் உப்பவில்லை, ஓரம் பிரியவில்லை. அவர் கடையில் அடுக்கியிருந்த வெளியூர்ப் பலகைகளில் பாதி, ஈரத்துணி பட்டாலே அப்பளமாகப் பொரிகிற ரகம். அது அவருக்கும் தெரியும்.

"யாரும்மா கட்டிலைத் தண்ணிக்குள்ள போட்டுப் படுக்கறாங்க? வாடிக்கைக்காரங்க வெளிநாட்டு போர்டுதான் கேக்கறாங்க. உள்ளூர்ல செஞ்சதுன்னு சொன்னா முகத்தைச் சுளிக்கறாங்க. சொல்லாம விக்கலாம்தான். ஆனா பொய் சொல்லி வியாபாரம் பண்ணி எனக்குப் பழக்கமில்ல."

அவருடைய உண்மையையும் என் வாளியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வருடம் நான் ஏறி இறங்காத மரக்கடை இல்லை. எல்லோரும் தட்டிப் பார்த்தார்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றார்கள், எங்கே செய்தது என்று கேட்டார்கள், வேண்டாம் என்றார்கள். மோசமான சரக்கு என்று சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு திருத்தியிருப்பேன். நல்ல சரக்கு, ஆனால் உங்களுடையது என்பதால் வேண்டாம் என்று சொல்பவனை என்ன செய்வது?

நாங்கள் பலகை செய்வது முள்மரத்தில். எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் வேலி கட்டக் கொண்டுவந்தது, மலை முழுக்க ஏறி உட்கார்ந்துவிட்டது. அதன் அடியில் புல்கூட முளைக்காது. மலைக்காரி என்று ஊரே கூப்பிடுகிற ஓர் அக்கா, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அந்த முள்ளை வெட்டி, அந்த இடத்தில் மலையின் பழைய மரங்களைத் திரும்ப நட்டு வருகிறாள். கன்றுகளை ஆடு மாடு கடிக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் நீல வலைச் சட்டை போட்டிருப்பாள். வெட்டிய முள் எங்கள் பிரஸ்ஸுக்கு வரும். சில்லாக அரைத்து, பசை கலந்து, சட்டத்தில் கையால் பரப்பி, சூட்டில் அழுத்திப் பலகையாக்குவது என் வீட்டுக்காரரின் வேலை. விற்பது என் வேலை. வருகிற பணத்தில்தான் மலைக்காரியின் ஆட்களுக்குக் கூலி. பலகை விற்றால் முள் விழும், கன்று எழும். விற்காவிட்டால் முள் நின்றுகொண்டிருக்கும், நாங்கள் உட்கார்ந்துவிடுவோம்.

விற்காமல் இல்லை. ஒரே ஒரு லாரிக்காரர் மட்டும் தவறாமல் வந்து ஏற்றிக்கொண்டு போனார். பழப்பெட்டி அடிக்க என்று சொல்லி, பெட்டிப் பலகை விலைதான் கொடுத்தார். அந்த விலையில் பிரஸ் ஓடியது, மலை ஓடவில்லை.

அன்று சாயங்காலம் மலைக்காரி பிரஸ்ஸுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேல் சரிவை மழைக்கு முன்னாடி முடிக்கணும் தங்கச்சி. இல்லன்னா காயெல்லாம் கொட்டி, மழை விழுந்ததும் பழையபடி மொளைச்சுக்கும். இந்த விலையில என்னால ஆள் வச்சு ஓட்ட முடியல. கரி சுடறவங்க வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க."

"அவங்க கன்னையும் சேர்த்து வெட்டிடுவாங்களே அக்கா."

"வெட்டுவாங்கதான். நான் என்ன பண்றது, நீ சொல்லு."

ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அலமாரி, தடுப்பு, கட்டில் என்று எல்லாமே பலகை வேலை. அந்த ஒரு வேலைக்கு எங்கள் பலகையை நியாயமான விலையில் எடுத்தால் மேல் சரிவு முடிந்துவிடும். ஆனால் அங்கே தச்சு வேலையை எடுத்திருந்த மேஸ்திரி முதல் நாளே கையை விரித்துவிட்டார். "வெளிநாட்டு போர்டுதாம்மா போடறோம். உங்க அண்ணன் கடையிலதான் எடுக்கறோம்."

ஆமாம், ஊரிலேயே பெரிய மரக்கடை என் கூடப் பிறந்த அண்ணனுடையது. முதன்முதலில் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனதும் அவரிடம்தான். "பாப்பா, ஊர்ப் பலகைன்னு வாயைத் தொறந்தாலே வாடிக்கைக்காரன் செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுவான். அண்ணன் கடையை நீயே மூடிடாதே" என்று சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவருக்கு நான் இன்னும் பாப்பா.

அண்ணன் புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார். ஆத்திரம் இருந்தாலும் உறவு உறவுதானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அண்ணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சமையலறையைக் காட்டினாள். இரண்டு சுவர்களுக்கு நடுவில் தரையிலிருந்து கூரைவரை தட்டுத் தட்டாக அலமாரி, எதிரே சாப்பாட்டு மேஜை.

"எல்லாம் வெளிநாட்டு போர்டாம். உங்க அண்ணன் வாய் ஓயாம சொல்றாரு. ஆனா பாரும்மா, சுவர் சரியா நாலடி. தட்டெல்லாம் அரை இஞ்ச் குறையுது. ஒரு பக்கம் பூரா சந்து. கரண்டி, ஸ்பூன் எது விழுந்தாலும் உள்ள போயிடுது. வெளிநாட்டுல நாலடின்னா கொஞ்சம் கம்மியோ என்னமோ."

"தச்சரைக் கேக்கலையா அண்ணி?"

"அவரு போர்டே அப்படித்தான் வருதுன்னுட்டாரு. இவரைக் கேட்டா, சும்மா இரு, அது உலகத் தரம்ங்கறாரு. காகிதத்தைச் சுருட்டி அடைச்சு வச்சிருக்கேன். உலகத் தரத்தை நான் காகிதம் வச்சுத்தான் காப்பாத்தறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் கையில் இருந்த டீ ஸ்பூனே நழுவிச் சந்துக்குள் போய்விட்டது. நான் குனிந்து, காகிதத்தை உருவிவிட்டு விரலை உள்ளே விட்டேன். ஸ்பூன் கிடைக்கவில்லை. ஆனால் தட்டின் வெட்டு முகம் கண்ணுக்கு நேராக இருந்தது. பழுப்புச் சில்லுகளுக்கு நடுவில் சின்னச் சின்னதாக நீலப் பொட்டு.

இன்னும் குனிந்து அடுத்த தட்டையும் பார்த்தேன். அதிலும் நீலம்.

அந்த நீலத்தை உலகத்தில் வேறு எந்தத் தொழிற்சாலையும் பலகைக்குள் போட்டிருக்காது. போன கோடையில் மலைக்காரியின் ஆட்கள் கிழிந்த கன்றுச் சட்டைகளை முள்கட்டோடு சேர்த்து வண்டியில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பார்க்காமல் அத்தனையையும் அரைத்துவிட்டார். பிரஸ்ஸில் வலை உருகி, பலகை முழுக்க நீலப் பொட்டு. அன்றைக்கு நான் அவரைத் திட்டிய திட்டில் மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. போகட்டும், பழப்பெட்டிக்குத்தானே என்று லாரிக்காரருக்கு ஏற்றிவிட்டோம்.

அந்தப் பழப்பெட்டி இப்போது அண்ணன் வீட்டுச் சமையலறையில் உலகத் தரமாக நின்றுகொண்டிருந்தது.

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். மறுநாள் காலை நேராக அண்ணனின் கிடங்குக்குப் போனேன். வாசலில் நின்றது நம் லாரிக்காரரின் லாரி. அவர் என்னைப் பார்த்ததும் டயரைப் பார்க்கிறவர் மாதிரி குனிந்துகொண்டார். உள்ளே அறுவை மெஷின் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு ஆட்கள் என் பலகைகளை ஒவ்வொன்றாக மெஷினில் கொடுத்து, நீளவாக்கில் ஒரு பக்கத்தை மட்டும் அரை இஞ்ச் சீவிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் முத்திரை அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். இரண்டு இலை விட்ட ஒரு கன்று. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, மேல்முகத்தின் விளிம்பில் அடிக்கு ஒன்றாக என் வீட்டுக்காரர் சுட்டு வைப்பார். மை என்றால் அழிந்துவிடும், சூடு அழியாது என்பார். அழிக்க முடியாததை அறுத்துவிட்டார்கள். சீவிய விளிம்புகள் கட்டுக்கட்டாக மூலையில் கிடந்தன. கிடங்கில் டீ போடுகிற அம்மா அதிலிருந்து ஒரு கைப்பிடி ஒடித்து அடுப்பில் செருகினாள். என் கன்றுகள் டீக்குக் கொதித்துக்கொண்டிருந்தன.

சீவி முடித்த பலகையின் முகத்தில் ஒரு பையன் பளபளப்பான ஸ்டிக்கரை ஒட்டினான். யாருக்கும் வாசிக்க வராத ஏதோ ஓர் எழுத்தில் ஏதோ ஒரு பெயர்.

அண்ணன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். திடுக்கிடுவார் என்று நினைத்தேன். அவர் திடுக்கிடவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

"வா பாப்பா. உக்காரு. டீ சொல்லட்டுமா?"

"என்னோட முத்திரையை எரிச்சுப் போட்ட டீயா? நீயே குடி."

"சத்தம் போடாத. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். நீ கடையில வச்சு விக்கமாட்டேன்னு சொன்ன போர்டுதானே இது? செருப்பை மாட்டிக்கிட்டு ஓடுவான்னியே, எவன் ஓடினான்? பெட்டிப் பலகை விலைக்கு என்கிட்ட வாங்கி, வெளிநாட்டு விலைக்கு விக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு என்னவோ கணக்குப் பாடம் சொல்லித்தருகிறவர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

"நீ வாளியைத் தூக்கிட்டு ஊரைச் சுத்தினியே, ஒரு போர்டு போச்சா? என் கையில வந்தப்புறம் பாதி ஊரு உன் போர்டுல படுத்துத் தூங்குது. மீதி ஊரு உன் போர்டுல துணி மடிச்சு வைக்குது. நான் செஞ்சது துரோகம் இல்ல பாப்பா, உதவி. ஆஸ்பத்திரி வேலையும் வருது. உன் பிரஸ் நிக்காம ஓடும். உனக்கு என்ன குறை?"

"அரை இஞ்ச் குறை."

"பேரை வச்சு நாக்கையா வழிக்கப் போற?"

"பேரோட நிக்கலை அண்ணே. நீ கொடுக்கற பெட்டிப் பலகை விலையில மலையில வேலை நின்னுபோச்சு. மலை நின்னா முள்ளு வராது. முள்ளு வராட்டி எனக்குப் பலகை ஏது, உனக்கு வெளிநாடு ஏது?"

"விலையைப் பத்தி அப்புறம் பேசலாம். ஆஸ்பத்திரி முடியட்டும். பிடிக்கலன்னா நிறுத்திக்கோ. வேற யாரு எடுக்கறாங்கன்னு பாக்கறேன்."

ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் உண்மை. நிறுத்தினால் எடுக்க ஆள் இல்லை. அவருக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தத் தெம்பில்தான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. முத்திரை இரும்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே லாரிக்கு ஏத்த வேண்டாம்" என்றார்.

"ஏத்தணும். நிறுத்தினா அவரு ஜெயிச்ச மாதிரி. ஆனா இனிமே முத்திரையை ஓரத்துல மட்டும் வைக்கப் போறதில்ல. நடுவயித்துல வைக்கப் போறோம். எவன் சீவறான்னு பாக்கறேன்."

வீட்டில் துணிக்குப் போடுகிற நீலம் இருந்தது. கடையில் இன்னும் கொஞ்சம் வாங்கினேன். ஒரு கூடைச் சில்லை அதில் ஊறவைத்துக் காயவைத்தோம். சட்டத்தில் பாதிச் சில்லைப் பரப்பியதும், நட்டநடுவில் நீளவாக்கில், இரண்டு முனையையும் தொடாமல், ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் நீலச் சில்லைத் தூவி, அதன்மேல் மீதியைப் பரப்பினோம். வெளியே ஒன்றும் தெரியாது. விளிம்பைச் சீவினாலும் தெரியாது. நடுவில் பிளந்தால் மட்டும் வெட்டு முகத்தில் பென்சிலால் கிழித்தது போல ஒரு நீலக் கோடு. ஊர் முழுக்கத் தச்சர்கள் பிளந்து பார்த்து, இது என்ன என்று கேட்கட்டும். அப்போது நான் போய், அது என் கோடு என்று சொல்வேன். அதுதான் என் திட்டம்.

தச்சர்கள் பிளந்தார்கள், கேட்கவும் கேட்டார்கள். ஆனால் கேட்டது அண்ணனிடம். அந்த மனிதர் தலைக்குள் மூளைதான் வைத்திருக்கிறாரா, வேறு எதையாவதா என்று தெரியவில்லை. கண்ணை இமைக்காமல் சொல்லிவிட்டாராம்: "அதுதான் அசல் வெளிநாட்டு போர்டுக்கு அடையாளம். நீலக் கோடு இல்லைன்னா போலி."

இது எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், அதே கட்டில் கடைக்காரரிடம் திரும்பப் போனேன். என் பலகையைக் கொடுத்து, நடுவில் பிளந்து பாருங்கள் என்றேன். பிளந்தார். நீலக் கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"அட, உங்களைப் போய் நல்ல பொம்பளைன்னு நெனச்சேனே! வெளிநாட்டுக்காரனோட கோட்டையே திருடிப் போட்டிருக்கீங்களே?"

"என்னது?"

"நான் உங்க அண்ணன் கடையிலதாம்மா எடுக்கறேன். அசல்ல இந்தக் கோடு எவ்வளவு சுத்தமா இருக்கும் தெரியுமா? இது பாருங்க, லேசா வளைஞ்சிருக்கு. போலின்னா பாத்ததும் தெரியும். சொந்த அண்ணன் வியாபாரத்துக்கே குழி பறிக்கிறீங்களே, மனசாட்சி இருக்கா?"

என் கையால் தூவிய கோடு. என் வீட்டுத் துணி நீலம். அதையே காட்டி என்னைத் திருடி என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் அல்லவா? வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்பதால் வாளித் தண்ணீரை அவர் கடை வாசலில் கவிழ்த்துவிட்டு வந்தேன். அண்ணன்மேல் இருந்த கோபம் அன்று ஊர்மேல் திரும்பியது. அண்ணன் ஒருவர் பொய் சொன்னார், அது சரி. அதைக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளக் காத்திருந்தது இந்த மொத்த ஊர்.

பிரஸ்ஸுக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு நுழைந்தேன். சிமெண்ட் தரைக்குப் பூசுகிற சிவப்புப் பொடி ஒரு மூட்டை மூலையில் கிடந்தது. பிரித்துச் சில்லின்மேல் கொட்டினேன்.

"என்ன பண்றே?" என்றார் அவர்.

"ஆஸ்பத்திரிக்கு அடுத்த லோடு எப்போ போகுது?"

"இன்னும் ஒரு வாரத்துல ஏத்தறாங்க. மறுநாள் காலையில அங்க இறக்குவாங்கன்னு லாரிக்காரர் சொன்னார்."

"இந்த லோடு பூரா சிவப்பு. நீலம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. யாருக்கும் மூச்சு விடாதீங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது. சத்தமாகச் சிரித்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் சுவர் பூச்சு இன்னும் காயவில்லை. தரைத்தளத்தின் பெரிய கூடத்தில் தச்சு மெஷின்கள் வரிசையாக இருந்தன. நான் போனபோது லாரியிலிருந்து பலகைகளை இறக்கி முடித்திருந்தார்கள். மேஸ்திரி எண்ணிக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். வார்டுகளுக்குக் கட்டில் செய்கிற வேலையை எடுத்திருந்த கட்டில் கடைக்காரரும் தன் பங்குப் பலகைக்காக வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர்தான் ஆரம்பித்தார்.

"இதோ வந்துட்டாங்க. மேஸ்திரி, நான் சொன்னேன்ல, நீலக் கோடு போட்டுப் போலி செய்யறது இவங்கதான். அண்ணாச்சி, நீங்களே உங்க தங்கச்சியைக் கேளுங்க."

மேஸ்திரி அண்ணனைப் பார்த்தார். "அப்படியா சார்? இவங்க போர்டு போலியா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் அவர், தங்கச்சி சரக்கு நல்ல சரக்குதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நான் பேசாமல் திரும்பியிருப்பேன். சத்தியமாகத் திரும்பியிருப்பேன்.

"பாவம், அதுக்குத் தொழில் சரியா போகல. ஏதோ ஆசைப்பட்டுச் செஞ்சிருச்சு. விடுங்க" என்றார் அண்ணன்.

என் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"மேஸ்திரி அண்ணே, இப்போ இறக்கின லோடை யாராவது வெட்டினீங்களா?"

"இல்லம்மா. இப்பதானே வந்துது."

"நல்லது. அப்போ இந்த வெளிநாட்டு போர்டை வித்தவரையே கேளுங்க. இதுக்கு நடுவுல என்ன கோடு இருக்கு?"

அண்ணன் சிரித்தார். "இது என்ன கேள்வி பாப்பா? நீலம்தான்."

"நான் சொல்றேன், சிவப்பு. நீலக் கோடு ஒண்ணு இருந்தாலும் நான் திருடி, போலி, என்ன வேணா சொல்லுங்க. இந்த ஊர்ல இனிமே பலகையே விக்கமாட்டேன். வெட்டுங்க."

அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கண்ணில் மட்டும் இல்லை. "மேஸ்திரி, நேரத்தை வீணாக்காதீங்க, கணக்கை முடிங்க" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் மேஸ்திரி ஒருவேளை வெட்டியிருக்க மாட்டார். இப்போது அவரே ஒரு பலகையை உருவி மெஷினில் கொடுத்தார்.

இரண்டு பாதியும் பிரிந்து விழுந்தன. மேஸ்திரி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பு. நடுவில், லேசாக வளைந்து, ஒரு சிவப்புக் கோடு. இன்னொன்றை வெட்டினார். சிவப்பு. அடுக்கின் அடியிலிருந்து இழுத்து மூன்றாவதையும் வெட்டினார்.

"தரைக்குப் போடற பொடி" என்றேன். "பொடி மூட்டை என் பிரஸ்லதான் இருக்கு. வந்து பாருங்க. முள்ளு மலையிலேருந்து வருது, பலகை என் வீட்டுக்காரர் செய்யறாரு, கோடு நான் போடறேன், ஸ்டிக்கர் மட்டும்தான் எங்க அண்ணன் ஒட்டறாரு. அதுக்குத்தான் நீங்க வெளிநாட்டு விலை கொடுக்கறீங்க."

மேஸ்திரி டேப்பை எடுத்து ஒரு முழுப் பலகையின் அகலத்தை அளந்தார். அளந்துவிட்டு அண்ணனைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்போ இந்த அரை இஞ்ச்?"

"முத்திரை இருந்த இடம். அறுத்து அடுப்புல வச்சுட்டாங்க."

அதுவரை பொறுமையாக இருந்த மேஸ்திரிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. வெளிநாடோ உள்நாடோ அவருக்கு ஒன்றுமில்லை. அரை இஞ்ச்தான் அவருக்கு வலித்தது. "மாடியில எத்தனை அலமாரி தெரியுமா சார்? ஒவ்வொண்ணுலயும் சந்து. என் ஆளுங்க அளவெடுக்கத் தெரியாதவங்கன்னு நான் அவங்க தலையில குட்டிக்கிட்டிருக்கேன். போர்டே அப்படித்தான்னு சாதிச்சீங்களே!"

அண்ணன் அப்போதும் விடவில்லை. என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "சரி, உன் வழிக்கே வரேன். முழு அளவுல நேரா நீயே ஆஸ்பத்திரிக்குக் கொடு, நல்ல விலைக்கே கொடு. முத்திரையை மட்டும் விட்டுடு. அதைப் பாத்தா ஒருத்தனும் வாங்க மாட்டான். அண்ணன் சொல்றதைக் கேளு."

அது காதில் விழுந்த மேஸ்திரி, நான் வாயைத் திறப்பதற்குள் குறுக்கே வந்தார்.

"முத்திரை இல்லாத போர்டை நான் உள்ளயே விடமாட்டேன். முத்திரை இருந்தாத்தான் நாலடி முழுசா இருக்குன்னு அர்த்தம். அம்மா, உங்க விலையைச் சொல்லுங்க. ஓரத்துல அந்தக் கன்னு இருக்கணும், அதுல ஒரு சீவல்கூடப் போயிருக்கக் கூடாது."

மரத்துக்காக அவர் அதைச் சொல்லவில்லை. மலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு வேண்டியது நாலடி. எனக்கு அது போதும். என் விலையைச் சொன்னேன், ஒரு மூச்சில், பேரம் பேச இடம் வைக்காமல். பெட்டிப் பலகை விலை இல்லை, வெளிநாட்டு விலையும் இல்லை, மேல் சரிவை முடிக்கிற விலை. மேஸ்திரி தலையாட்டினார்.

கட்டில் கடைக்காரர் மட்டும் பிளந்த பலகையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உண்மையான கவலையோடு கேட்டார்: "அப்போ அசல் வெளிநாட்டு போர்டு இந்த ஊர்ல எங்கதான் கிடைக்கும்?"

அவரை என்ன செய்ய?

அண்ணன் காரில் ஏறும்போது, "வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்துட்டே" என்றார். "வீதியில வித்தது நீதானே" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை.

கரி சுடுகிறவர்களை மலைக்காரி திருப்பி அனுப்பிவிட்டாள். முதல் மழை விழுந்தபோது மேல் சரிவில் முள் இல்லை, நீலச் சட்டை போட்ட கன்றுகள்தான் இருந்தன. நான் நனைந்துகொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கோபம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. ஊருக்கு இப்போது முத்திரைமேல் பிரியம் வந்துவிட்டது, முத்திரை இருந்தால் அளவு குறையாது என்பதற்காக. ஒரு வருடம் வாளியைச் சுமந்த கைக்கு அது எப்படி ஆறுதலாகும்?

போன வாரம் அண்ணி போன் பண்ணினாள். அண்ணனுக்குத் தெரியாமல் பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"ஏம்மா, உன் போர்டு இப்போ முழு அளவுல வருதாமே. அலமாரியைப் பிரிச்சு மாத்தச் சொன்னா உங்க அண்ணன் குதிக்கறாரு. அந்தச் சந்துக்கு ஏதாவது வழி இருக்கா? கரண்டியெல்லாம் போயிட்டே இருக்கு."

வழி இருந்தது. கிடங்கில் டீ போடுகிற அம்மாவைப் போய்ப் பார்த்தேன். எரித்தது போகச் சீவிய விளிம்புகள் இன்னும் ஒரு கட்டு மூலையில் கிடந்தன. சரியாக அரை இஞ்ச் அகலம், அடிக்கு ஒரு முத்திரை. சந்தின் அளவும் அதுதானே, அதிலிருந்துதானே அறுத்தார்கள். கட்டைத் தூக்கி ஸ்கூட்டரில், வாளி இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு போய் அண்ணியிடம் கொடுத்தேன்.

"ஒவ்வொரு தட்டுலயும் ஒரு துண்டு வச்சு ஒட்டச் சொல்லுங்க அண்ணி. ஒரு ஸ்பூன்கூட விழாது."

அவள் ஒன்றை எடுத்து, சூடு வைத்த கன்றை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கிருந்து அறுத்தது என்று அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"இந்தப் படம் உள்பக்கம் போகணுமா, வெளியே தெரியணுமா?"

"வெளியே" என்றேன். "அண்ணன் தினமும் சாப்பிட உக்காரற பக்கம்."